அநபாயர் கேட்ட வரலாறு

தில்லையிற் பல திருப்பணிகள் செய்த இரண்டாங் குலோத்துங்க சோழர் (1133–1150) சீவகசிந்தாமணியிற் பெரிதும் ஈடுபட்டிருந்தனர் என்றும், அமைச்சராகிய குன்றத்தூர்ச் சேக்கிழார் அவருள்ளத்தைத் திருத்தொண்டர் வரலாற்றிற் செலுத்தினர் என்றும் உமாபதி சிவனார் அருளிய திருத்தொண்டர் புராண வரலாறு கூறும். இதனைச் சமண நூலுக்கும் சைவ நூலுக்கும் நேர்ந்த போட்டி என்ற அளவிற் கொண்டு அமைவார் பலர். சொல்லியவர் அமைச்சர், கேட்டவர் அரசர் என்பதை அவர் மறந்தனர் போலும்! அரசர்க்கு அமைச்சர் எடுத்துரைத்த வரலாறு எத்தகையது என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

தம் குலப்பெருமை கேட்டல் சோழ வேந்தர்க்குப் புதிதன்று. முதலாம் இராசராசர் காலந்தொட்டுக் கல்வெட்டுக்களின் முகப்பில் மெய்க்கீர்த்தி பொறிக்கப்பட்டு வந்தது. வென்ற நாடுகளும் கவர்ந்த பொருள்களும் அதன்கண் நிரல்பட வரும். அநபாயரவையிலேயே ஒட்டக்கூத்தர் இருந்து குலோத்துங்க சோழனுலாப் பாடினர். முன்னோர் வெற்றியைப் பின்னோர்க்கு அணியாகப் பூட்டுதல் இவற்றின் இயல்பு.

சேக்கிழாரோ அநபாயர் குலத்து முன்னோரென்று கூறும் புகழ்ச்சோழ நாயனாரை வேறொரு வகையாற் காட்டுகின்றார். உறையூர்ச் சோழராகிய அவர் கருவூரில் தங்கித் திறை கொள்ளுங்கால், அதிகன் திறை கொணர்ந்திலன். ஆணைவழிச் சென்ற படை அவனரணை அழித்து, வெட்டுண்ட தலைகளைக் குவையாகக் கொணர்ந்து மன்னர் முன் வைத்தது. மெய்க்கீர்த்தியாயின் இவ்விடத்தே முடிந்திருக்கும். குவையினுள் ஒரு தலையிற் சடை இருந்தது. மன்னர் நடுங்கினர். படைத்தலைவரை நொந்தாரல்லர், போரில் இஃது இயல்பென்று ஆறினாருமல்லர். தாம் களஞ் செல்லாதிருந்தும் பழி தம்முடையதே எனக்கொண்டு, மைந்தர்க்கு முடிசூட்டப் பணித்து, அச்சடைத்தலையைப் பொற்கலத்தில் தம் முடிமேல் ஏந்தித் தீப்புகுந்தனர். கொடும்பாளூர் இடங்கழியார், அடியார்க்கு அமுதூட்ட நெற்களவு செய்தவரை ஒறுக்காது பண்டாரத்தையே திறந்துவிட்டதும் இவ்வகையினதே. வென்ற அரசனையும் வினவும் அறமொன்று உண்டென்பது அரசர் செவியிற் படுமாறு கூறப்பட்டது.

அநபாயர் சினந்திலர். நூலை யானைமேலேற்றித் தாமே கவரி வீசி வலம் வந்தனர் என்ப. அவர் மைந்தர் இரண்டாம் இராசராசர் தாராசுரத்து எடுப்பித்த திருக்கோயிலில் நாயன்மார் வரலாறுகள் கல்லிற் செதுக்கப்பட்டன.

ஆயினும் கேட்ட குலம் அவ்வழியே நின்றதென்று துணிதற்கில்லை. 1178-இல் பட்டமெய்திய மூன்றாங் குலோத்துங்கரும் சிவனடிக்கு அன்பரே. கோயில்கள் பல எடுப்பித்தவர். அவர்தங் கல்வெட்டுக்கள் அவர் கொண்டனவாக மதுரையையும் ஈழத்தையும் பாண்டியன் முடித்தலையையும் எண்ணுகின்றன. அவற்றிடையே கருவூரும் உண்டு.