செக்ரோலில் விழாத பெயர்கள்

என் பாட்டி ரந்தாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். அவருடைய அண்ணன் 1943-இல் சயாமுக்குப் போனார். "மூணு மாசத்துல வந்துடுவேன்னு சொல்லிட்டுத்தான் லாரி ஏறுனாரு" என்பார் பாட்டி. அதற்குமேல் கதை இல்லை. செத்தாரா என்பதும் தெரியாது. அதனால் பாட்டி இன்றுவரை அவருக்குப் படையல் போட்டதில்லை.

நான் பொறியாளன். எண்ணிப் பார்ப்பதுதான் என் வேலை. அந்தக் கணக்கை எடுத்துப் பார்த்தேன்.

தாய்லாந்தின் பான்போங்கையும் பர்மாவின் தன்பியுசயாத்தையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் பாதையை ஜப்பானிய ராணுவம் 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தது. சுமார் 60,000 போர்க்கைதிகள் அதில் வேலை செய்தார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஆசியத் தொழிலாளர்கள் மட்டும் 70,000க்கும் மேல். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு என்று ஆசைகாட்டினார்கள். ஆள் சேராதபோது பிடித்துக்கொண்டு போனார்கள். காலரா, மலேரியா, பட்டினி.

போர் முடிந்த கையோடு, 1945 செப்டம்பரில், 13 பேர் கொண்ட ஒரு குழு பாதை நெடுகப் போய்க் கல்லறைகளைத் தேடியது. மூன்றே வாரத்தில் 10,000க்கும் மேற்பட்ட கல்லறைகளை அடையாளம் கண்டது. எப்படி முடிந்தது? கைதிகள் தங்கள் செத்தவர்களின் பட்டியலை ரகசியமாக எழுதி மறைத்து வைத்திருந்தார்கள். இன்று காஞ்சனபுரி போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 பேர் வரிசையாக உறங்குகிறார்கள்.

நம்மாட்களுக்கு அந்தப் பட்டியல் இல்லை. தினமும் பெரட்டில் ஆள் எண்ணி, செக்ரோலில் பெயர் எழுதி, அரைநாள் வராவிட்டால் கூலி பிடித்த தோட்டத்து உலகம் அது. ஆனால் சயாமில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு இன்றும் ஒத்துக்கொண்ட எண் கிடையாது.

கேட்டிருக்கக்கூடியவர்கள் தொழிற்சங்கக்காரர்கள். 1948-இல் அவசரகாலம் வந்தது. பலர் சிறைக்குப் போனார்கள், பலர் நாடுகடத்தப்பட்டார்கள். 1949 மே 4-இல் எஸ்.ஏ.கணபதி தூக்கிலிடப்பட்டார். ஒரு போரின் காயத்தை ஆற்றும் முன்பே நாடு அடுத்த சண்டைக்குள் போய்விட்டது. 1967-இல் ஜப்பானும் மலேசியாவும் ஒப்பந்தம் போட்டன. 2.5 கோடி வெள்ளி மதிப்பில் உதவி. போர்க்காலக் கோரிக்கைகள் அத்தோடு தீர்ந்தன என்றது ஒப்பந்தம். அரசுக்கும் அரசுக்கும் கணக்கு தீர்ந்தது. லயத்தில் காத்திருந்தவர்களுக்குத் தீரவில்லை.

இதே நெகிரி செம்பிலானில், தித்தியில், 1942-இல் ஜப்பானியர் கொன்ற சீனக் கிராமத்தினருக்கு நினைவிடம் இருக்கிறது. அவர்கள் எலும்புகளைத் தேடி எடுத்தார்கள், கல் நட்டார்கள். நம்மிடம் முதலில் வந்தது கல் அல்ல, நாவல். ஆர்.சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ.ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்'. அந்த இரண்டாவது தலைப்பை யோசித்துப் பாருங்கள். காஞ்சனபுரியில் தமிழர்களுக்கான நடுகல் 2023-இல்தான் வந்தது. எண்பது வருஷம்!

சமாதானம் என்றால் துப்பாக்கி ஓய்வது என்று நினைத்திருந்தேன். கிளிநொச்சியில் 2017 முதல் பிள்ளைகளின் படத்தோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களைப் பார்த்தபிறகு அப்படி நினைக்க முடியவில்லை. அவர்கள் பணத்தைக் கேட்கவில்லை, "எங்கே?" என்றுதான் கேட்கிறார்கள். என் பாட்டியின் கேள்வியும் அதுதான். கேட்கத்தான் அவருக்கு ஆள் இல்லை.

போன வருஷம் நடுகல்லின் படத்தை பாட்டியிடம் காட்டினேன். கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"பேரெல்லாம் போட்டிருக்கா?"

"இல்ல பாட்டி. எல்லாருக்கும் சேர்த்து ஒரே கல்லு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நீ எழுதிக்கோ" என்றார். அண்ணன் பெயர், அப்பா பெயர், தோட்டத்தின் பெயர், லயத்தில் எத்தனையாவது வீடு. ஒன்றுவிடாமல் சொன்னார். எழுதிக்கொண்டேன்.