குவாத்தமாலா ஊட்டச்சத்து ஆய்வு

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் கிழக்குப் பகுதியில், 4 கிராமங்களில் 1969 முதல் 1977 வரை நடந்த கள ஆய்வு. ஏழை வீட்டுக் குழந்தைக்கு எந்த வயதில் சத்துணவு கிடைத்தால் பலன் நிலைக்கும் என்பதை, மிகத் தெளிவாகக் காட்டிய ஆய்வுகளுள் இது ஒன்று. நடத்தியது, 1949இல் தொடங்கப்பட்ட மத்திய அமெரிக்கா, பனாமா ஊட்டச்சத்து நிறுவனம் (இன்காப்).

மக்காச்சோள ரொட்டியும் பீன்ஸும்தான் அவ்வூர்களின் அன்றாடச் சாப்பாடு. குழந்தைகள் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தார்கள். வயிற்றுப்போக்கு அடிக்கடி வந்தது. புரதக் குறைவு மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறதா என்பதே ஆய்வாளர்கள் முதலில் எழுப்பிய கேள்வி.

இரண்டு ஊர்களுக்கு 'அதோலே' என்ற கஞ்சி தரப்பட்டது. இன்காப் உருவாக்கிய இன்காபரீனா என்ற சத்துமாவு, பால் பவுடர், சர்க்கரை ஆகியவை அதில் சேர்ந்தன. மற்ற இரண்டு ஊர்களுக்கு 'ஃப்ரெஸ்கோ' என்ற இனிப்புப் பானம். அதில் புரதமே இல்லை, கலோரியும் கஞ்சியில் இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பானம் குடிக்க ஊர்ப் பொதுக்கூடத்துக்கு வந்து கூடுவதாலும் பிறர் கவனிப்பாலும் வரும் மாற்றத்தை, உணவால் வரும் மாற்றத்திலிருந்து பிரித்தறிய இந்த ஏற்பாடு உதவியது. தினமும் இரண்டு வேளை, யார் வேண்டுமானாலும் வந்து வேண்டிய மட்டும் குடிக்கலாம். சிறு குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் குடித்த அளவை ஒவ்வொரு முறையும் மில்லிலிட்டர் கணக்கில் பதிவேட்டில் எழுதினார்கள். இந்தப் பொறுமையான கணக்குதான் ஆய்வின் உயிர். மருத்துவ வசதி நான்கு ஊர்களுக்கும் சமமாகக் கிடைத்தது.

கஞ்சி குடித்த ஊர்களில் 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் கூடுதல் உயரம் வளர்ந்தார்கள். அந்த வயதைத் தாண்டியபின் அதே கஞ்சியால் உயரத்தில் மாற்றம் தென்படவில்லை. இதிலிருந்து ஒன்று புரிகிறது: பள்ளியில் போடும் சாப்பாடு அவசியமானது, பிள்ளையின் பசியைத் தீர்க்கும். ஆனால் தவழும் வயதில் இழந்த வளர்ச்சியை அதனால் ஈடுசெய்ய முடியாது.

குழந்தைகள் பெரியவர்களான பிறகும் ஆய்வாளர்கள் அவர்களைத் தேடிப் போனார்கள். பிறந்தது முதல் 2 வயதுவரை கஞ்சி கிடைத்த ஆண்கள், ஒரு மணி நேர வேலைக்கு ஏறத்தாழ 46 சதவீதம் அதிகம் சம்பாதிப்பதாக 2008இல் 'லான்செட்' இதழில் வந்த கட்டுரை தெரிவித்தது. 3 வயதுக்குப் பிறகு குடித்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. பெண்கள் ஏறத்தாழ ஒரு வகுப்பு கூடுதலாகப் படித்திருந்தாலும் அவர்களின் வருமானத்தில் அத்தகைய உயர்வு தெரியவில்லை. எனினும், சிறுவயதில் கஞ்சி குடித்த அந்தப் பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளின் உடல் வளர்ச்சி மேம்பட்டிருந்தது.

ஆய்வு நடந்தவை நான்கே ஊர்கள் என்பது இதன் முக்கிய வரம்பு. பலன் புரதத்தால் வந்ததா, கூடுதல் கலோரியால் வந்ததா என்பதையும் இதைக் கொண்டு பிரித்துச் சொல்ல இயலாது.