ஆசானுக்குப் புள்ளியிட்ட மாணாக்கர்

ஆசிரியர் மாணாக்கருக்குப் புள்ளியிடுவது நாம் நெடுங்காலமாக அறிந்த வழக்கம். மாணாக்கர் ஆசிரியருக்குப் புள்ளியிடுவதும் இன்று பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் வழக்கமாகிவிட்டது. தவணை முடிவில் ஒரு படிவம் கொடுக்கப்படும். விரிவுரை தெளிவாக இருந்ததா, பாடத்தில் ஆர்வம் பிறந்ததா என்பன போன்ற வினாக்களுக்குப் புள்ளியிட்டு, கீழேயுள்ள வெற்றிடத்தில் மனத்திற் பட்டதை எழுதலாம். பெயர் எழுத வேண்டுவதில்லை. அந்த வெற்றிடத்திலேதான் வேடிக்கை பிறக்கிறது. பாடத்தைப் பற்றிக் கேட்டால் ஆசிரியரின் கழுத்துப்பட்டியைப் பற்றி எழுதுவார் ஒருவர். காலை எட்டு மணிக்கு விரிவுரை வைத்த குற்றத்தை, நேரசூசி வகுக்காத ஆசிரியரின் தலையிற் சுமத்துவார் இன்னொருவர். ஒரே விரிவுரையை மிக விரைவு என்று ஒருவரும், மிக மெது என்று மற்றொருவரும் பழிப்பர். அவற்றைப் படிக்கும் ஆசிரியர் வாய்விட்டுச் சிரிக்கலாம். ஆனால் எதைத் திருத்துவது என்பது மட்டும் அவருக்கு விளங்குவதில்லை.

மாணாக்கர் ஆசிரியரை மதிப்பிடுவது புதிய செய்தியன்று. அதன் வரலாற்றைத் தேடிச் செல்வோர் இத்தாலி நாட்டின் பொலோஞா நகரிற் போய் நிற்பர். 12ஆம், 13ஆம் நூற்றாண்டுகளில் சட்டம் பயில்வதற்காக ஐரோப்பாவின் பல பாகங்களிலிருந்தும் மாணாக்கர் அங்கே திரண்டனர். அந்நகரில் உரிமையற்ற அந்நியராகிய அவர்கள், தம்மைக் காத்துக்கொள்ளச் சங்கம் அமைத்தனர். ஆசிரியரின் ஊதியமோ அவர்கள் கொடுத்த பணம். பணம் கொடுப்பவரிடம் அதிகாரம் சென்று சேர்வது இயல்பன்றோ?

அச்சங்கத்தின் விதிகள் கடுமையானவை. அனுமதியின்றி ஒரு நாளேனும் ஆசிரியர் வாராதிருத்தல் ஆகாது. நகரைவிட்டு வெளியே செல்வதாயின், திரும்பி வருவதற்குப் பிணையாகப் பணம் கட்டவேண்டும். மணி அடித்ததும் தொடங்கி, அடுத்த மணி அடித்ததும் முடித்தல்வேண்டும். எந்த அதிகாரத்தையும் தாண்டிச் செல்லலாகாது. கடினமான இடத்தை வேளை முடிவுக்கென்று ஒத்திவைத்தலும் ஆகாது. விரிவுரைக்கு ஐந்து பேரேனும் வரவில்லையாயின், அன்று ஆசிரியரே வராதவராகக் கருதப்பட்டுத் தண்டம் செலுத்துவார்.

ஆசிரியரும் வாய்மூடி இருந்தாரல்லர். 13ஆம் நூற்றாண்டில் அங்கு சட்டம் கற்பித்த ஒடோபிரெடோ என்னும் புகழ்பெற்ற ஆசான், மாணாக்கர் ஒழுங்காகப் பணம் கட்டுவதில்லை என்றும், ஆகவே அடுத்த ஆண்டு மேலதிக விரிவுரைகள் நிகழ்த்தப்போவதில்லை என்றும் வகுப்பிலேயே அறிவித்தார். பிற்காலத்தில் நகராட்சியே ஆசிரியருக்கு ஊதியம் வழங்கத் தொடங்கியபோது, மாணாக்கரின் பிடி மெல்ல மெல்லத் தளர்ந்தது.

ஆசிரியர் ஆட்சி செய்த பரிஸ் பல்கலைக்கழகத்திலோ, மாணாக்கரின் மதிப்பீடு வேறு வடிவம் கொண்டது. மாணாக்கர் எழுதிக்கொள்ளும்படி சொற்சொல்லாகச் சொல்லிச் செல்லலாகாது, இயல்பான வேகத்திற் பேசவேண்டும் என்று 1355இல் அங்கே ஒரு விதி செய்யப்பட்டது. அவ்விதியை எதிர்த்துக் கூச்சலிடுவோரும், சீறியொலிப்போரும், தாமாகவோ தம் வேலையாட்களைக் கொண்டோ கல்லெறிவோரும் ஓராண்டு விலக்கப்படுவர் என்று அதே விதி எச்சரித்தது. கல்லெறிவதற்கும் வேலையாள் வைத்திருந்த மாணாக்கரை எண்ணிப் பாருங்கள்!

இன்றைய படிவத்தின் பிறப்பிடம் அமெரிக்கா. 1920களில் வாஷிங்டன், பேர்டியூ முதலிய பல்கலைக்கழகங்களில் அது தோன்றியது. 1960களில் எழுந்த மாணவர் கிளர்ச்சிகளின் பின் எங்கும் பரவியது. ஆசிரியர் தம் குறைகளை அறிந்து திருந்தட்டும் என்ற நல்ல நோக்கம் அதற்கு உண்டு. எனினும், நாளடைவில் நிர்வாகத்தார் அதனைக் கைக்கொண்டு, பதவி உயர்வையும் நிரந்தர நியமனத்தையும் அதன்வழி நிருணயிக்கலாயினர். வெற்றிடத்தில் எழுதிய வேடிக்கை ஒருவரின் வயிற்றுப்பிழைப்பைத் தொடும் விடயமாயிற்று.

அப்புள்ளி எதனை அளக்கிறது? 1970இல் மைக்கல் பொக்ஸ் என்னும் நடிகரை, கலாநிதி மைரன் பொக்ஸ் என்ற பெரிய அறிஞராக வேடமிடுவித்து, உளமருத்துவர் முதலிய கற்றோர் அவையிற் பேசவைத்தனர் சில ஆய்வாளர். அவருக்குப் பொருள் தெரியாது. முன்னுக்குப்பின் முரணாகவும், இல்லாத சொற்களைப் புனைந்தும், நகைச்சுவையோடு பேசி முடித்தார். அவையோர் நல்ல புள்ளியே இட்டனர். அவ்வறிஞரின் நூல்களை முன்பே படித்திருப்பதாகவும் ஒருவர் எழுதினார்! 1973இல் இவ்வாய்வு வெளிவந்தது. கற்றோர் நிலையே இதுவானால், கற்கத் தொடங்கியோரை நாம் எப்படிக் குறைகூறுவது?

2010இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் சிந்திக்கத்தக்கது. அமெரிக்க விமானப்படைக் கழகத்தில் மாணாக்கர் தம் ஆசிரியரைத் தாமே தெரிந்துகொள்வதில்லை. பொதுப் பரீட்சையே அனைவருக்கும் உண்டு. அங்கு நுண்கணிதத்தின் முதற் பாடத்தில் உயர்ந்த பெறுபேறு தந்த ஆசிரியர், மாணாக்கரிடம் உயர்ந்த புள்ளி பெற்றனர். ஆனால் அடுத்தடுத்த பாடங்களில் சிறந்து விளங்கியவர் வேறு ஆசிரியரிடம் பயின்றோரே. அவ்வாசிரியர் பெற்ற புள்ளியோ குறைவு. நன்றாகக் கற்பிக்கப்பட்டதன் பயனை, கற்பிக்கப்பட்ட அன்றே மாணாக்கரால் உணர முடிவதில்லை போலும்.

பெண்கள் பெற்ற அநீதி தனியானது. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், முகம் காணாது இணையவழி நடந்த வகுப்புகளில், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தம் பெயரிலும் மற்றவர் பெயரிலும் கற்பித்தனர். வேலைகள் ஒரே வேளையில் திருத்திக் கொடுக்கப்பட்டிருந்தும், பெண்பெயர் தாங்கியவரே தாமதித்ததாகப் புள்ளிகள் காட்டின. 2018இல் கனடாவின் ரொறன்ரோ நகரில், அந்நாளில் றயர்சன் எனப்பட்ட பல்கலைக்கழகத்தில் எழுந்த பிணக்கை விசாரித்த நடுவர், கற்பித்தல் திறனை அளந்து பதவி உயர்வும் நிரந்தர நியமனமும் வழங்குவதற்கு இப்புள்ளிகளைப் பயன்படுத்தலாகாதென்று தீர்ப்பளித்தார்.

அப்படியாயின் மாணாக்கர் வாய்திறக்கலாகாதா? அன்று. பொலோஞா மாணாக்கர் கேட்டவற்றை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். மணிக்கு வந்தாரா? அதிகாரத்தைத் தாண்டினாரா? கடினமான இடத்தை ஒத்திவைத்தாரா? இவை உணர்ச்சியால் அளக்கவேண்டியன அல்ல. மணியோசையும் ஏடும் சாட்சி சொல்லக்கூடியன. அவர்களின் தண்டம் கொடியது; ஆனால் அவர்கள் கேட்ட வினா நேரியது.

எள்ளலும் கூடாதென்பதன்று. நன்னூல் செய்த பவணந்தி முனிவர், ஆசிரியராகத் தகாதவருக்கு உவமை கூறும்போது, முடத்தெங்கை ஒன்றாகக் காட்டுகிறார். நீர் வார்த்தவன் வளவை விட்டு அயலான் வளவிற் காய் உதிர்க்கும் வளைந்த தென்னை அது. பஞ்சடைத்த குடுக்கையை மற்றொன்றாகக் காட்டுகிறார். அது சிறிது சிறிதாகவே கொள்ளும், சிறிது சிறிதாகவே கொடுக்கும். கேட்டவுடன் சிரிப்பு வருகிறது. சிரித்து முடிந்தபின், எங்கே கோணல் என்பதும் விளங்குகிறது. கழுத்துப்பட்டியைப் பற்றி எழுதியவரின் வேடிக்கையில் இல்லாதது இதுவே. படிவத்தைக் கையில் எடுக்கும் மாணாக்கர், தம் வாக்கு ஓர் ஆசிரியரைத் திருத்துமா, வருத்த மட்டுமே செய்யுமா என்று ஒருகணம் எண்ணி எழுதுவாராயின், அந்த வெற்றிடமும் பயன் தரும்.