ஷெவர்லே 350 இன்ஜின்: பவர் கூட்டும் முன் இரும்பு பிளாக்கில் எதைப் பார்க்க வேண்டும்? - முழு விவரம்

அமெரிக்காவில் பழைய கார்களைப் பிரித்து, பவர் கூட்டி மறுபடியும் ஓட்டுபவர்கள் அதிகம் தேடும் இன்ஜின்களில் ஒன்று ஷெவர்லே 350. பழைய கார், பிக்கப் டிரக் என எதில் இருந்து வேண்டுமானாலும் இதன் பிளாக் கிடைக்கும். கிடைப்பது சுலபம்தான். ஆனா அது கூடுதல் பவரைத் தாங்குமா என்பதுதான் கேள்வி. ரீபோர், ஹோனிங் என எல்லா வேலையும் முடிந்த பிறகு விரிசல் தெரிந்தால், கொடுத்த கூலி மொத்தமும் வீண்.

350 என்றால் என்ன?

ஷெவர்லேயின் 'ஸ்மால் பிளாக்' வி8 இன்ஜின் 1955-ல் வந்தது. அதில் 350 கன அங்குல ரகம், அதாவது 5.7 லிட்டர், 1967 மாடல் கமாரோவில் அறிமுகமானது. சிலிண்டர் விட்டம் 4 அங்குலம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 3.48 அங்குலம். பிளாக் முழுவதும் வார்ப்பிரும்பு.

இரும்பு ஏன்?

அலுமினிய பிளாக் எடை குறைவு. ஆனா இரும்பு விறைப்பானது. அழுத்தம் ஏறும்போது சிலிண்டர் சுலபத்தில் வளையாது. தேய்ந்தால் கடைந்து மறுபடியும் பயன்படுத்தலாம். விலையும் குறைவு. எடை பெரிய பிரச்னை இல்லை என்றால் இரும்பே போதும்.

'நாலு போல்ட்' இருந்தால் போதுமா?

விற்பவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். கிராங்க்ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும் ஐந்து மெயின் கேப்களில், நடுவில் உள்ள மூன்றுக்கும் தலா நான்கு போல்ட் இருந்தால் அது நாலு போல்ட் பிளாக். பவர் ஏறும்போது இது நல்லதுதான். ஆனா சுமார் 400 குதிரைத்திறன் வரையிலான ரோடு கார் இன்ஜினுக்கு, நல்ல நிலையில் உள்ள இரண்டு போல்ட் பிளாக்கே தாங்கும்.

பிளாக்கின் பின்பக்கம் உள்ள வார்ப்பு எண்ணை மட்டும் நம்பவும் முடியாது. பிரபலமான 3970010 என்ற எண்ணில் இரண்டு போல்ட், நாலு போல்ட் இரண்டுமே வந்திருக்கின்றன. ஆயில் பேனைக் கழற்றிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

முக்கியமானது சுவரின் தடிமன்

பிளாக்கை வார்க்கும்போது, தண்ணீர் ஓடும் பாதைக்கான மணல் அச்சு சற்று நகர்ந்துவிடலாம். அப்படி நகர்ந்தால் சிலிண்டர் சுவர் ஒரு பக்கம் தடியாகவும், மறுபக்கம் மெல்லியதாகவும் அமையும். வெளியே இருந்து பார்த்தால் இது தெரியாது. ஒலி அலை மூலம் அளக்கும் 'சோனிக் டெஸ்ட்' செய்தால்தான் தெரியும்.

பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டரின் ஒரு பக்கத்தை அதிகமாக அழுத்தும். பவர் கூட்டும் இன்ஜினில் அந்தப் பக்கம் சுமார் 0.200 அங்குலம், அதாவது 5 மில்லிமீட்டர் தடிமன் இருப்பது நல்லது. சுவர் மெலிந்தால் சிலிண்டர் வளையும், ரிங் சரியாக அடைக்காது, சூடு ஏறும். கடைசியில் சுவரே விரிசல் விடலாம்.

ரீபோர் செய்தால் பவர் கூடுமா?

பலரும் ஏமாறும் இடம் இது. 0.030 அங்குலம் ரீபோர் செய்தால் 350 கன அங்குலம் 355 ஆகும். 0.060 அங்குலம் என்றால் 360. அவ்வளவுதான். இந்தப் பத்து கன அங்குலத்துக்காக சுவரைக் கடைவது லாபமில்லை. தேய்மானம் நீங்கும் அளவுக்கு மட்டும் கடைந்தால் போதும்.

அதே 0.030 ரீபோருடன் 3.75 அங்குல ஸ்ட்ரோக் கிராங்க் போட்டால் 383 கன அங்குலம் கிடைக்கும். அதனால், ஏற்கெனவே 0.060 கடைந்த பிளாக் மலிவாகக் கிடைத்தாலும் யோசிக்க வேண்டும்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

* விரிசல்: பிளாக்கைக் கழுவி, காந்தமும் இரும்புத் தூளும் வைத்துச் சோதிக்க வேண்டும். மெயின் கேப் பகுதி, ஹெட் போல்ட் துளைகளைச் சுற்றிய இடம் முக்கியம். குளிர்ப் பகுதி வண்டி என்றால், உள்ளே தண்ணீர் உறைந்து பிளாக் வெடித்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

* ஆண்டு: 1986 முதல் பின்பக்க ஆயில் சீல் ஒரே துண்டாக மாறியது. அதற்கு முந்தைய கிராங்க் இதில் நேரடியாகப் பொருந்தாது.

* ஹோனிங்: ஹெட் இறுகும்போது சிலிண்டர் லேசாக நெளியும். அதனால் 'டார்க் பிளேட்' எனும் தடித்த தகட்டை இறுக்கிவிட்டு ஹோனிங் செய்யும் பட்டறையே நல்லது.

350 தான் வேண்டும் என்று இல்லையா?

ஜெனரல் மோட்டார்ஸ் டிரக்குகளில் 1999 முதல் வந்த 5.3, 6.0 லிட்டர் இரும்பு பிளாக்குகளில் ஒவ்வொரு மெயின் கேப்புக்கும் ஆறு போல்ட் உண்டு. புதிதாகத் தொடங்குபவர்கள் இதையும் பரிசீலிக்கலாம். ஆனா பழைய ஸ்மால் பிளாக்கின் ஹெட், கிராங்க் எதுவும் இதில் சேராது.

எந்த பிளாக்காக இருந்தாலும் வரிசை ஒன்றுதான்: எவ்வளவு பவர் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்வது, அடுத்து விரிசலும் தடிமனும் சோதிப்பது, அதன் பிறகே பிஸ்டன், கிராங்க் வாங்குவது. சோதனையில் பிளாக் தேறாவிட்டால், சோதனைக் கூலியோடு நஷ்டம் நின்றுவிடும்.