கால் எட்டாத வண்டியின் கதை

"உன் உயரத்துக்கு ஸ்கூட்டரே போதும்." பைக் ஓட்ட ஆசை என்று சொன்னதும் நம்மில் பலருக்கு வீட்டில் கிடைக்கும் பதில் இது. வண்டி ஆளுக்குப் பொருந்தவில்லை என்றால் குறை ஆளிடமா, வண்டியிடமா? வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

1870-களின் சைக்கிளுக்கு முன்னால் ஒரு ராட்சதச் சக்கரம், அதன் உச்சியில் இருக்கை. கால் நீளமாக இருந்தால்தான் பெரிய சக்கரம் கிடைக்கும், பெரிய சக்கரம் இருந்தால்தான் வேகம் கிடைக்கும். விழுந்தால் தலைகுப்புறத்தான். 1885-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார. பெடலின் சுழற்சியைச் சங்கிலி பின்சக்கரத்துக்குக் கொண்டுபோனதால் பெரிய சக்கரம் தேவைப்படவில்லை. இருக்கை கீழே வந்தது, கால் தரையைத் தொட்டது. மனிதர்கள் யாரும் வளரவில்லை, வண்டிதான் இறங்கி வந்தது.

உயரம் மட்டுமா தடை? 1916-இல் அகஸ்டா, அடலின் வான் பியூரன் என்ற சகோதரிகள் ஆளுக்கொரு 'இந்தியன்' பைக்கில் நியூயார்க்கிலிருந்து கிளம்பி, நமக்குப் பக்கத்தில் இருக்கும் சான் பிரான்சிஸ்கோ வரை வந்தார்கள். வழியில் போலீஸ் அவர்களை நிறுத்தியது. காரணம் வேகம் அல்ல, ஆண்களைப் போல் உடை போட்டிருந்தார்கள் என்பதுதான்!

தமிழ்நாட்டில் அந்தத் தடை புடவை வடிவில் இருந்தது. பைக்கின் டேங்கைத் தாண்டிக் காலைப் போட்டு உட்காரப் புடவை விடாது. 1980-இல் ஓசூரிலிருந்து கியர் இல்லாத, எடை குறைந்த டிவிஎஸ் 50 வந்தது. 1990-களில் வந்த ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடமே தட்டையாக இருந்தது. புடவையோ தாவணியோ, ஏறி உட்கார்ந்தால் போதும்.

அதே 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடானபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். குறுக்கே போகும் அந்தக் கம்பி குழந்தையை உட்காரவைக்க உதவியது!

இன்று பைக்கைத் தாழ்த்தப் பல வழிகள் உண்டு. சீட்டின் நுரையைச் சீவலாம். சீட்டின் முன்பகுதியை ஒடுக்கினால் கால் நேராகக் கீழே இறங்கும். பின்பக்கச் சஸ்பென்ஷன் இணைப்பை மாற்றலாம். ஆனால் பின்பக்கத்தை மட்டும் இறக்கினால் வண்டி திரும்பும் விதமே மாறிவிடும், எனவே முன்பக்கத்தையும் அதற்கேற்ப இறக்க வேண்டும். வேகத்தடையில் அடிப்பாகம் உரசக்கூடும். சைடு ஸ்டாண்டும் நீளமாகிப்போய், நிறுத்திய வண்டி மறுபக்கம் சாயலாம். அதையும் குட்டையாக்க வேண்டும்.

தாழ்வான வண்டியைத் தேர்ந்தெடுப்பது இன்னும் சுலபம். சென்னைப் பக்கம் தயாராகும் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இன் சீட் உயரம் 805 மில்லிமீட்டர், அதே நிறுவனத்தின் மீட்டியோர் 350-க்கு 765. நான்கு சென்டிமீட்டர் வித்தியாசம் சிறியதல்ல, நுனிக்கால் ஊன்றுவதற்கும் பாதம் ஊன்றுவதற்கும் உள்ள தூரம் அது.

கலிஃபோர்னியாவில் 21 வயதுக்குக் கீழ் என்றால் பைக் லைசென்ஸுக்குப் பயிற்சி வகுப்பு கட்டாயம். வகுப்பில் வண்டி மேல் உட்கார்ந்து, இடது காலை ஊன்றி, வலது காலைப் பிரேக்கில் வைத்துப் பாருங்கள். நிற்க ஒரு கால் எட்டினால் போதும். அதுவும் எட்டவில்லையா? வேறு வண்டி கேளுங்கள். 1885-இலிருந்து நமக்காக இறங்கி வருவது வண்டியின் வேலை.