எழும்பூர் முதல் பெதெஸ்டா வரை: ஒரு சிவந்த கண்ணின் வரலாறு

சென்னையில் மழைக்காலம் வந்தால் கூடவே கறுப்புக் கண்ணாடிகளும் நடமாடத் தொடங்கும். பீளை தள்ளி, இமை ஒட்டி, கண் கோவைப்பழமாகச் சிவந்துவிட்டால் 'மெட்ராஸ் ஐ' என்று வீட்டிலிருப்பவர்களே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். நேருக்கு நேர் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சமும், நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றும் வழக்கமும் கூடவே வரும். ஆனால் இந்தக் கண்வலிக்கும் தொண்டைவலிக்கும் சளிக் காய்ச்சலுக்கும் உறவு உண்டு என்பது ஆய்வகத்தில் உறுதியானது 1950-களில்தான்.

கிழக்கிந்தியக் கம்பெனி 1819-ல் சென்னையில் ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கியது. ராயப்பேட்டையில் பிறந்து எழும்பூருக்குக் குடிபெயர்ந்த அந்த மருத்துவமனையில்தான் 1918-ல் மெட்ராஸ் ஐ முதலில் இனம் காணப்பட்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. 1920-ல், சென்னையில் பணியாற்றிய மருத்துவர் ஹென்றி கர்க்பாட்ரிக், கருவிழியில் புள்ளி விழும் நோய் ஒன்று கூட்டம் கூட்டமாகப் பரவியதைப் பிரிட்டனின் கண் மருத்துவ இதழில் எழுதினார். இதையொத்த நோயை வியன்னாவில் எர்ன்ஸ்ட் ஃபுக்ஸ் 1889-லேயே விவரித்திருந்தார். நோயின் முகம் தெரிந்தது, காரணம் தெரியவில்லை. இந்த நோயின் வைரஸைப் பிரித்து வளர்க்கும் வழி அன்று எவரிடமும் இல்லை.

இரண்டாம் உலகப் போர்தான் இந்த நோயை உலகத்தின் பார்வைக்குக் கொண்டுவந்தது. 1941-ல் ஹவாயில் பரவிய கண் அழற்சி, பேர்ல் ஹார்பர் கப்பல் தளத்தில் புகுந்து, அங்கிருந்து கலிஃபோர்னியாவின் கப்பல் கட்டும் தளங்களுக்குத் தாவியது. அதற்குக் 'கப்பல் தளக் கண்' என்றே பெயர் விழுந்தது. பற்றவைப்பும் அரவை வேலையும் நடக்கும் இடத்தில் கண்ணில் இரும்புத் தூசி விழுவது அன்றாடம். தூசியை எடுக்கத் தொழிலாளிகள் தளத்தின் சிகிச்சை அறைக்குப் போனார்கள். ஒரே கை, ஒரே கருவி, ஒரே சொட்டு மருந்துப் புட்டி அடுத்தடுத்த கண்களுக்குப் போயின. தூசியோடு போனவர் சில நாட்களில் சிவந்த கண்ணோடு திரும்பி வந்தார். சான்ஃபிரான்சிஸ்கோ பகுதியில் மைக்கேல் ஹோகனும் கிராஃபோர்டும் 125 நோயாளிகளைப் பற்றி 1942-ல் அறிக்கை வெளியிட்டார்கள்.

பரப்பியது பார்வை அல்ல, கை.

விடை வந்தது கண்ணிலிருந்து அல்ல, மூக்கின் பின்புறத்திலிருந்து. அமெரிக்காவின் பெதெஸ்டாவில் வாலஸ் ரோவும் ராபர்ட் ஹியூப்னரும் அவர்களுடைய குழுவினரும், குழந்தைகளுக்கு அறுவைசிகிச்சையில் நீக்கப்பட்ட அடினாய்டு சதையை ஆய்வகத்தில் வளர்த்தார்கள். வாரக்கணக்கில் நன்றாக வளர்ந்த செல்கள் தாமாகவே சிதைந்தன. உள்ளே ஒளிந்திருந்த வைரஸ்தான் காரணம் என்று 1953-ல் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே மாரிஸ் ஹில்மேன், மூச்சுக்குழல் நோயில் படுத்த ராணுவப் பயிற்சி வீரர்களிடம் அதன் உறவுக்கார வைரஸைக் கண்டார். 1955-ல் எர்னஸ்ட் ஜாவெட்ஸ் குழுவினர் 'கப்பல் தளக் கண்'ணுக்குக் காரணமான, இதே வைரஸின் எட்டாம் வகையைப் பிரித்தெடுத்தார்கள். 1956-ல் இந்த வைரஸ் குடும்பம் முழுவதற்கும் அடினோவைரஸ் என்று பெயரிடப்பட்டது.

அதே 1955-ல் இன்னொரு நோயும் தெளிவாயிற்று. காய்ச்சல், தொண்டைவலி, சிவந்த கண் மூன்றும் ஒன்றாக வரும். நீச்சல் குளத்தில் விளையாடிய பிள்ளைகளிடம் அதிகம் காணப்பட்டது. மூன்றாம் வகை அடினோவைரஸின் வேலை அது. கண்ணீர் மெல்லிய குழாய் வழியே மூக்கில் வடிகிறது. அழும்போது மூக்கும் ஒழுகுவது அதனால்தான். கண்ணில் விழுந்த கிருமி மூக்குக்கும் தொண்டைக்கும் போக அது நேர்வழி. தட்டம்மையிலும் தடிப்பு தோன்றுவதற்கு முன்பே இருமலும் மூக்கொழுகலும் சிவந்த கண்ணும் சேர்ந்து வருகின்றன.

எல்லா மெட்ராஸ் ஐக்கும் அடினோவைரஸ்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. 1969-ல் கானாவில் கிளம்பி, 1971-ல் கொல்கத்தாவில் 'ஜாய் பங்ளா' என்ற பெயர் பெற்ற ரத்தக்கசிவுக் கண்வலி, என்டெரோவைரஸால் வந்தது.

பறவைக் காய்ச்சல் இந்த வரலாற்றில் அடுத்த அத்தியாயத்தைத் தொடங்கியிருக்கிறது. 2003-ல் நெதர்லாந்துக் கோழிப் பண்ணைகளில் ஹெச்7என்7 வைரஸ் தொற்றியதாக உறுதியான 89 பேரில் 78 பேருக்குக் கண் அழற்சி மட்டுமே இருந்தது. ஒரு கால்நடை மருத்துவர் நுரையீரல் பாதிப்பால் இறந்தார். பறவை வைரஸ்கள் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மனிதக் கண்ணின் மேற்பரப்பில் நிறைய உண்டு. 2024-ல் அமெரிக்காவில் கால்நடைகளிடமிருந்தும் கோழிகளிடமிருந்தும் ஹெச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸ் தொற்றிய 45 பேரை ஆராய்ந்தபோது 93 சதவீதத்தினருக்குக் கண் சிவந்திருந்தது. மூச்சுத் தொடர்பான தொல்லை 36 சதவீதத்தினருக்கே. அவர்களில் பலர் மாட்டுப் பண்ணைத் தொழிலாளிகள். பால் தெறிக்கும் கறவைக் கூடத்தில் அவர்களுக்கு இப்போது முகக்கவசத்தோடு பாதுகாப்புக் கண்ணாடியும் பரிந்துரைக்கப்படுகிறது.