பக்கத்து வீட்டு மாத்திரை

கிள்ளானில் என் பாட்டி வீட்டு வரிசையில் மாத்திரையும் கறிவேப்பிலையும் ஒன்றுதான். தீர்ந்துபோனால் அடுத்த வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். மூன்று வருடங்களுக்கு முன்பு பாட்டியின் பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. கிளினிக் தேதிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. பக்கத்து வீட்டு அத்தை, "எனக்கும் பிரஷர்தானே, இதப் போட்டுக்குங்கம்மா" என்று நான்கு மாத்திரைகளைத் தாளில் மடித்துக் கொடுத்திருக்கிறார்.

அன்றிரவே பாட்டிக்கு இழுப்பு வந்துவிட்டது. மருத்துவமனையில் கேஸ் வைத்து மூச்சு கொஞ்சம் சீரான பிறகு, அந்த இளம் டாக்டர் மிச்ச மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாட்டி, உங்களுக்கு ஆஸ்துமா இருக்கா?" "சின்ன வயசில இருந்துச்சு. எஸ்டேட்ல இருந்தப்போ." அந்த மாத்திரையின் பெயர் புரோபிரானோலோல்.

நான் பொறியியல் படித்தவன். மருந்து பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் தப்பு எங்கே நடந்தது என்று தேடாமல் இருக்க முடியவில்லை. கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு வேலைக்குப் போகும் கொமுட்டர் ரயிலில், பிரிக்பீல்ட்ஸ் வரும்வரை அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது ஓர் ஊர்ப்பெயர். புரோபிரானோலோலைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் பிளாக், சிங்கப்பூரில் பாடம் நடத்தியவர். ஸ்காட்லாந்தில் ஒரு சுரங்கப் பொறியாளரின் மகனாகப் பிறந்து, 1946-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்தார். படித்த கடன் தலைக்கு மேல் இருந்தது. அதை அடைக்கத்தான் 1947-இல் கப்பல் ஏறி, கிங் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தார். அவர் அங்கே இருந்தபோதுதான், 1949-இல், அந்தக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் சேர்ந்து மலாயா பல்கலைக்கழகம் உருவானது. நான் படித்ததும் மலாயா பல்கலைக்கழகத்தில்தான். நான்கு வருடத்தில் ஒருவர்கூட இதை எங்களுக்குச் சொல்லவில்லை. பொறியியல் மாணவனுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார்களோ என்னவோ.

அந்தக் காலத்தில் இரத்த அழுத்தத்துக்குச் சரியான மருந்தே கிடையாது. 1945 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மூளையில் இரத்தம் கசிந்து இறந்த அன்று, அவருடைய அழுத்தம் 300-க்கு 190. உலகப் போரை நடத்தியவருக்கே அந்த நிலைமை. வால்டர் கெம்ப்னர் என்ற மருத்துவர் நோயாளிகளை உப்பில்லாத சோறும் பழமும் தின்னச் சொன்னார். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், நம் நாட்டு மருத்துவத்தில் வழங்கிவந்த சர்ப்பகந்தா வேர் அழுத்தத்தைக் குறைப்பதை ஆங்கில மருத்துவ இதழில் எழுதி உலகத்துக்குக் காட்டினார். அதிலிருந்து எடுத்த ரெசர்பினும் பரவலானது. ஆனால் சிலரை அது கடும் மனச்சோர்வில் தள்ளியது.

பிளாக்கின் அப்பா ஒரு கார் விபத்தைத் தொடர்ந்து மாரடைப்பில் இறந்தார். பயமும் பதற்றமும் வந்தால் உடலில் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும். ஏற்கெனவே அடைப்புள்ள இதயத்துக்கு அந்த வேகமே எமன். அன்றைய மருத்துவர்கள் இதயத்துக்கு இரத்தத்தை எப்படி அதிகம் அனுப்பலாம் என்றே யோசித்துக்கொண்டிருந்தார்கள். பிளாக் இதயத்தின் தேவையை எப்படிக் குறைக்கலாம் என்று கேட்டார். பம்ப் சூடாகிறது என்றால் பெரிய குழாய் போடலாம். இல்லையென்றால் அதன் சுமையைக் குறைக்கலாம். இந்த இடத்தைப் படித்தபோது, மனுஷன் நம்ம ஆளு என்று தோன்றியது.

அதற்கு அடிப்படை போட்டவர் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் என்ற அமெரிக்கர். அட்ரினலின் வந்து ஒட்டும் இடங்கள் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை என 1948-இல் எழுதினார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. பிளாக் பிற்பாடு அதைப் படித்து, பீட்டாவை மட்டும் மூடும் மருந்தைத் தேடி 1958-இல் ஐசிஐ நிறுவனத்தில் சேர்ந்தார். முதலில் வந்த புரோனெத்தலோல் எலிகளுக்குக் கட்டியை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. அடுத்து வந்தது புரோபிரானோலோல். நெஞ்சுவலிக்காகச் செய்த மருந்து அது. லண்டன் மருத்துவர் பிரையன் பிரிச்சர்டுதான், அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு இரத்த அழுத்தமும் இறங்குவதைக் கவனித்து 1964-இல் எழுதினார். 1988-இல் பிளாக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கதையை வழக்கமாக இங்கே முடித்துவிடுவார்கள். பாட்டியின் கதை இங்கேதான் தொடங்குகிறது. பீட்டா இதயத்தில் மட்டும் இல்லை, மூச்சுக்குழாயிலும் உண்டு. அங்கே அது குழாயைத் திறந்து வைக்கிற வேலையைச் செய்கிறது. அதை மூடினால் ஆஸ்துமாக்காரருக்குக் குழாய் இறுகிவிடும். மருந்து வந்த சில வருடங்களிலேயே மருத்துவர்களுக்கு இது தெரிந்துவிட்டது. நுரையீரலை அதிகம் தொடாத ஒன்றாக 1970-இல் பிராக்டலோல் வந்தது. நல்ல மருந்து என்று பலரும் நம்பினார்கள். சில வருடங்களில் அதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கண்ணீர் வற்றியது, கருவிழி கெட்டது, சிலர் பார்வையையே இழந்தார்கள். விலங்குச் சோதனைகளில் தெரியாத விளைவு அது. இந்த வரலாற்றில் என்னை ரொம்ப நேரம் நிறுத்திய இடம் இதுதான். ஒரு ஆபத்தைச் சரிசெய்யப் போய், யாரும் நினைத்தே பார்க்காத இன்னொன்று வந்து நின்றது. நான் டிசைன் மாற்றும்போது தவறினால் ஒரு இயந்திரம் நிற்கும், அவ்வளவுதான்.

அப்புறம் 1976-இல் அட்டெனோலோல் வந்தது. இதயத்தின் பீட்டாவை அதிகமாகவும் நுரையீரலில் உள்ளதைக் குறைவாகவும் தொடும். 'குறைவாக' என்றுதான் சொல்ல முடியும், 'தொடாது' என்று சொல்ல முடியாது.

நிறுத்துவதும் ஒரு தனிக் கதை. 1970-களில், மருந்தைச் சட்டென்று நிறுத்திய நெஞ்சுவலிக்காரர்கள் சிலருக்கு மாரடைப்பு வந்ததை மருத்துவர்கள் கண்டார்கள். பீட்டாவை மூடியே வைத்திருந்தால், உடம்பு கூடுதலாகப் பீட்டாக்களை முளைக்கவிடும். மருந்தை எடுத்ததும் அத்தனையும் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும். அதனால் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும், அதுவும் டாக்டர் சொல்லி. கிராமத்துக்குப் போகிறேன், கோயிலுக்குப் போகிறேன் என்று ஒரு வாரம் மாத்திரையை வீட்டிலேயே விட்டுப் போகிறவர்களை எனக்குத் தெரியும்.

நம்மவர்களுக்கு முக்கியமானது இன்னொன்று. இந்த நாட்டில் இனிப்புநீர் அதிகம் இருப்பது இந்தியர்களிடம்தான். இன்சுலின் போடுகிறவருக்குச் சர்க்கரை ரொம்ப இறங்கினால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும்; அதுதான் எச்சரிக்கை மணி. பீட்டா மருந்து அந்த மணியை அமுக்கிவிடும். வியர்வை மட்டும் மிஞ்சும். கிள்ளான் வெயிலில் வியர்வையை யார் கவனிக்கப்போகிறார்கள்?

2002-இல் வெளிவந்த லைஃப் ஆய்வில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அட்டெனோலோலையோ லோசார்டானையோ கொடுத்துப் பார்த்தார்கள். லோசார்டான் எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் ஏறத்தாழ கால்வாசி குறைவாக வந்தது. புதிதாக இனிப்புநீர் வருவதும் குறைந்தது. 2006-இல் பிரிட்டன், வெறும் இரத்த அழுத்தத்துக்கு முதல் மருந்தாக இதைத் தர வேண்டாம் என்று மாற்றியது. மலேசிய வழிகாட்டியும் அப்படித்தான் சொல்கிறது. மாரடைப்பு வந்தவருக்கும் இதயம் பலவீனமானவருக்கும் இன்றும் இது தேவை. ஒரு காலத்தில் பலவீன இதயத்துக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்றார்கள். ஸ்வீடன் மருத்துவர்கள் 1975-இல், மிகக் குறைந்த அளவில் தொடங்கினால் உதவும் என்று எழுதியபோது நம்பியவர்கள் குறைவு.

அத்தைக்கு அந்த மாத்திரையை எழுதும் முன்பு டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்தார், இழுப்பு இருக்கிறதா, இனிப்புநீர் இருக்கிறதா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். இதை அத்தையே பிறகு சொன்னார். "அவ்ளோ கேள்வி கேட்டாருப்பா, எனக்கு எரிச்சலா வந்துச்சு." தாளில் மடித்துக் கொடுத்தபோது மாத்திரை மட்டும்தான் பாட்டியிடம் வந்து சேர்ந்தது.

இப்போது பாட்டியின் கிளினிக் புத்தகத்தின் முதல் பக்கத்தில் மலாயிலும் தமிழிலும் ஆஸ்துமா என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். போன மாதம் அத்தை, "எம் மாத்திரை தீர்ந்துடுச்சு, உங்க மருந்து ரெண்டு குடுங்கம்மா" என்று கேட்டு வந்திருக்கிறார். பாட்டி கொடுக்கவில்லை. "பேரன் காடி எடுத்துட்டு வருவான், ஏறிக்க, கிளினிக்குப் போகலாம்" என்றாராம். எனக்கு அன்று மதியம் லீவு.